வாசகர் கேள்வி பதில்: வெளிநாட்டுக் காலநிலை நிதி தோட்டத்துக்கு வந்து சேருமா?

காலநிலை மாற்றம் குறித்து அண்மைய இதழ்களில் வெளியான கட்டுரைகளைத் தொடர்ந்து, வெளிநாட்டு நிதியுதவி பற்றிய ஐயங்களையே வாசகர்கள் அதிகமாக எழுதியனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். கடிதம் எழுதியோரின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

பணக்கார நாடுகள் ஆண்டுதோறும் பல பில்லியன் டொலர் தருவதாக ஒவ்வொரு மாநாட்டிலும் சொல்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு சதமாவது எங்கள் மலைக்கு வந்திருக்கிறதா? மாணவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை. (ஆசிரியை ஒருவர், ஹட்டன்)

வந்திருக்கிறது என்பதுதான் பதில். ஆனால் வந்த வழியையும் நின்றுவிட்ட இடத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் மாணவர்களுக்கு விளங்கும்.

2020 ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் 2009இல் கோப்பன்ஹேகன் மாநாட்டில் வாக்களித்தன. அந்த எல்லையை அவை முதன்முறையாகத் தாண்டியது 2022இல்தான். 2024இல் அசர்பைஜானின் பாக்கு நகரில் கூடியபோது, 2035 ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 300 பில்லியன் டொலர் என்று புதிய இலக்கு வகுக்கப்பட்டது. இந்தத் தொகைகளைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது: இதுவரை கிடைத்த அரச நிதியில் பெரும்பகுதி நன்கொடையன்று, வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதெனப் பகிரங்கமாக அறிவித்த ஒரு நாட்டுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

வெளியுதவியை நாம் எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பதை, பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் இலங்கை 2021இல் புதுப்பித்துச் சமர்ப்பித்த தேசிய பங்களிப்பு ஆவணம் காட்டுகிறது. 2030 வரையான காலத்தில் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தை 14.5 வீதத்தால் குறைப்பதாக அதில் உறுதியளிக்கப்பட்டுள்ளது. அதில் 4 வீதத்தை மட்டுமே நாம் சொந்த வளத்தைக் கொண்டு செய்வோம், எஞ்சிய 10.5 வீதம் வெளியுதவி கிடைத்தால் மட்டுமே நடக்கும். மின்சாரத் துறையில் சொந்த வளத்தால் 5 வீதம், வெளியுதவியால் 20 வீதம் என்ற கணக்கில் இது இருக்கிறது. ஆகவே வெளிநாட்டுப் பங்காளித்துவம் இல்லாமற் போனால் நமது வாக்குறுதியின் பெரும்பங்கு தாளிலேயே தங்கிவிடும்.

இனி, மலைக்கு வந்தவை. காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ள உதவும் பன்னாட்டு இசைவாக்க நிதியத்தின் உதவியுடன் உலக உணவுத் திட்டத்தின் வழியாக மகாவலி வடிநிலத்தில் நடைமுறைப்படுத்தப்பட்ட செயற்றிட்டம் ஒன்று நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பிரதேசத்தை உள்ளடக்கியிருந்தது. தென்கொரியாவின் சொங்டோவைத் தலைமையகமாகக் கொண்ட பசுமைக் காலநிலை நிதியம், நக்கிள்ஸ் மலைத்தொடரின் நீரேந்து பகுதிகளுக்காகச் சுமார் 40 மில்லியன் டொலரை ஒதுக்கியது. அந்தச் செயற்றிட்டத்தின் பெயரிலேயே பெருந்தோட்டச் சமூகங்கள் குறிப்பிடப்பட்டுள்ளன. இந்த நிதியங்கள் எவையும் ஒரு தோட்டத்துக்கோ சங்கத்துக்கோ நேரடியாகக் காசோலை எழுதுவதில்லை. அங்கீகாரம் பெற்ற பெரிய நிறுவனம் ஒன்று விண்ணப்பிக்க வேண்டும், சுற்றாடல் அமைச்சு அதற்கு இணக்கம் தெரிவிக்க வேண்டும், அதன்பின் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம் என்று படிப்படியாக இறங்கி வர வேண்டும். கடைசிப் படியில் இருப்பவர்களிடம் பதிவுபெற்ற அமைப்பும் காணி மீதான எழுத்துமூல உரிமையும் கேட்கப்படும். கிராமத்தில் இவை இரண்டும் இருக்கின்றன. லயத்தில் பெரும்பாலும் இரண்டுமே இல்லை. பணம் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான் என்பது எனது உறுதியான கருத்து. இன்று பதில் பெறும் மற்றக் கடிதங்களில் பலவும் ஏதோ ஒரு வகையில் அங்கேதான் வந்து முட்டுகின்றன.

எங்கள் டிவிஷனுக்கு மேலே ஆண்டு முழுவதும் ஓடும் ஓடை ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சுழலி ஒன்று பழைய கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்துச் சனசமூக நிலையத்துக்கும் தெருவிளக்குக்கும் மின்சாரம் எடுக்க வெளிநாட்டு உதவி கிடைக்குமா? யாருக்கு எழுதுவது? (இளைஞர் கழகச் செயலாளர், மஸ்கெலியா)

உங்கள் எண்ணம் புதிதன்று என்பதே அதன் பலம். தேயிலைத் தொழிற்சாலைகள் பலவும் ஒரு காலத்தில் ஓடை நீரைக் கொண்டே சொந்த மின்சாரத்தை உற்பத்தி செய்தன. தேசிய மின்கட்டமைப்பு மலைக்கு வந்த பின்னரே அந்தச் சுழலிகள் கைவிடப்பட்டன. பிரித்தானியாவைச் சேர்ந்த இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு என்ற தொண்டு நிறுவனம் அவற்றுள் சிலவற்றைத் திருத்தி இயக்க உதவியதோடுதான் இந்நாட்டின் கிராமிய நீர்மின் இயக்கம் வேர்கொண்டது. பின்னர் உலக வங்கியும் உலக சுற்றாடல் வசதி (GEF) என்ற பன்னாட்டு நிதியமும் நிதியளித்த இரண்டு செயற்றிட்டங்கள், 1997 முதல் 2011 வரை, மின்கம்பி எட்டாத கிராமங்களில் நீர்மின் நிலையங்களுக்கும் வீட்டுச் சூரிய மின்தொகுதிகளுக்கும் கடனும் மானியமும் வழங்கின. கிராமத்தவர்கள் மின் நுகர்வோர் சங்கம் ஒன்றை அமைத்துப் பதிவு செய்து, தாங்களே கால்வாய் வெட்டி, தாங்களே மாதக் கட்டணம் அறவிட்டு நிலையத்தை நடத்தினார்கள். தேசிய மின்சாரம் வந்தபோது அந்நிலையங்கள் பல மூடப்பட்டன என்பது வருத்தத்துக்குரியது. அந்தக் கூட்டு நிர்வாகப் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள நாம் போதிய அக்கறை காட்டவில்லை.

நிதி தேடுவதற்கு முன் ஓடையை அளந்து பாருங்கள். நீர் எடுக்கும் இடத்துக்கும் சுழலி வைக்கும் இடத்துக்கும் இடையிலான செங்குத்து உயரத்தை மீற்றரிலும், ஒரு விநாடியில் பாயும் நீரை லீற்றரிலும் கண்டறிந்து, இரண்டையும் பெருக்கி, வரும் தொகையை ஐந்தால் பெருக்கினால் கிடைக்கக்கூடிய மின்வலு ஏறத்தாழ வாற்று அளவில் தெரிந்துவிடும். 40 மீற்றர் உயரமும் விநாடிக்கு 20 லீற்றர் நீரும் இருந்தால் சுமார் 4 கிலோவாற்று கிடைக்கும். ஒரு சனசமூக நிலையத்துக்கும் தெருவிளக்குகளுக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் அளப்பதை ஜூன், ஜூலை மழையில் செய்யாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களில் ஓடை தருவது எவ்வளவோ அதையே உங்கள் திட்டத்தின் அளவாகக் கொள்ள வேண்டும். கீழ்ப் பகுதியில் அதே ஓடையிலிருந்து குடிநீர் எடுக்கும் லயங்கள் இருந்தால் அவர்களுடைய சம்மதத்தையும் முதலிலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கப் பொருத்தமான இடம் உலக சுற்றாடல் வசதியின் சிறு நன்கொடைகள் நிகழ்ச்சித்திட்டம். 1994 முதல் இலங்கையில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் ஊடாக இயங்கிவரும் இது, சமூக அமைப்புகளுக்கும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கும் நேரடியாகவே நன்கொடை வழங்குகிறது. பல ஆண்டுகளாக ஒரு நன்கொடையின் உச்சவரம்பு 50,000 டொலராக இருந்தது. இது கடன் அன்று. ஆயினும் நிகழ்ச்சித்திட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் குறித்த சில பிரதேசங்களையே தெரிவு செய்வதால், உங்கள் பிரதேசம் நடப்புக் கட்டத்தில் உள்ளதா என்று முதலில் கேட்டு எழுதுங்கள்.

இளைஞர் கழகம் என்ற பெயர் மட்டும் போதாது. பிரதேச செயலகத்தில் பதிவு, யாப்பு, கூட்டக் குறிப்புப் புத்தகம், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு ஆண்டுக் கணக்கறிக்கை ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். பல தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் எவரும் குறை சொல்ல முடியாத நேர்த்தியோடு கணக்கு வைத்து வருகின்றன. அந்த அனுபவம் உள்ள பெரியவர் ஒருவரைப் பொருளாளராக அமர்த்துவது நல்லது. அடுத்தது காணி. தோட்டக் காணி அரசுக்கு உரியது. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் அதை நீண்டகாலக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. ஆகவே தோட்ட முகாமையாளரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பி விண்ணப்பம் எழுதாதீர்கள். முகாமையாளர் மாற்றலாகிப் போனால் சம்மதமும் அவரோடு போய்விடும். கம்பனியின் தலைமை அலுவலகத்திலிருந்து, இடத்தையும் ஆண்டுக் கணக்கையும் குறிப்பிட்ட கடிதம் வேண்டும். மேலதிக மின்சாரத்தை மின்கட்டமைப்புக்கு விற்க நினைத்தால் நிலைபெறுதகு வலு அதிகார சபையின் அனுமதியும் தேவைப்படும். முதல் முயற்சியில் அதைத் தொட வேண்டாம் என்பது என் ஆலோசனை.

உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்டபோது எங்கள் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. சுத்தமான மின்சாரம், வெளிநாட்டு உதவி என்று சொல்லி வரும் திட்டங்களை இனி நாங்கள் எப்படி நம்புவது? (வாசகர், பண்டாரவளை)

உங்கள் கோபம் நியாயமானது. 120 மெகாவாற்றுத் திறன் கொண்ட அத்திட்டம் ஈரானின் நிதியுதவியுடன் தொடங்கப்பட்டு 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்து, மேலே உங்கள் ஊர்களின் ஊற்றுகள் வறண்டதையும், மக்கள் வீதிக்கு இறங்கியதையும் நாடே அறியும். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற காரணத்துக்காக எந்தத் திட்டத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்க வேண்டியதில்லை.

மலையகத்தின் அனுபவமே இதற்குச் சான்று. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், கொத்மலைக்குச் சுவீடனும், ரந்தெனிகலைக்கு ஜேர்மனியும் உதவின. தலவாக்கலையில் 150 மெகாவாற்று மேல் கொத்மலை நிலையம் ஜப்பானியக் கடனில் எழுந்தது. இவை இல்லாமல் நாட்டின் மின்சாரத்தை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் வயலும் வீடும் நீரில் மூழ்கியவர்கள் யார், மின்கம்பிகள் தலைக்கு மேலே போக, குப்பி விளக்கில் நெடுங்காலம் படித்த பிள்ளைகள் யாருடையவர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம்புவதற்குப் பதிலாகக் கேட்டுப் பெறக்கூடியவை சில இருக்கின்றன. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டு, பொதுமக்களின் கருத்துக்காகக் குறித்த காலம் திறந்து வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலத்துக்குள் உங்கள் கிணறுகளின் நீர்மட்டத்தையும் சுவர்களின் நிலையையும் திகதியிட்ட புகைப்படங்களோடு பதிவு செய்து எழுத்தில் கொடுத்து வையுங்கள். பின்னர் இழப்பீடு கோரும்போது, "முன்பு எப்படி இருந்தது" என்ற கேள்விக்கு உங்களிடம் உள்ள ஒரே விடை அதுவாகத்தான் இருக்கும்.

நிதி யாரிடமிருந்து வருகிறது என்பதும் முக்கியம். உலக வங்கியில் 1993 முதல் மேற்பார்வைக் குழு ஒன்று உண்டு; ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் பசுமைக் காலநிலை நிதியத்துக்கும் முறைப்பாட்டுப் பிரிவுகள் உண்டு. முதல் இரண்டு வங்கிகளுக்கும் பாதிக்கப்பட்ட இருவர் சேர்ந்து எழுதினாலே போதும், சட்டத்தரணி அவசியமில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கிக்குத் தமிழிலேயே எழுதலாம். ஒரு நாட்டின் ஏற்றுமதி வங்கி நேரடியாகக் கொடுக்கும் கடனில் இத்தகைய கதவு பொதுவாக இருப்பதில்லை. ஆகவே ஒரு திட்டம் ஊருக்கு வரும்போது, எவ்வளவு பணம் என்று கேட்பதற்கு முன், யாருடைய பணம், முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்று கேளுங்கள்.

எங்கள் கோவிலுக்கு இந்தியா சூரிய மின்தொகுதி தருமாமே? (ஆலய பரிபாலன சபை உறுப்பினர், தலவாக்கலை)

இந்தியாவின் 17 மில்லியன் டொலர் நன்கொடையில், நாடெங்கும் 5,000 சமயத் தலங்களுக்குத் தலா 5 கிலோவாற்றுத் தொகுதி வழங்கும் திட்டம் 2025 ஏப்ரலில் முறைப்படி தொடக்கி வைக்கப்பட்டது. விகாரை, கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் ஆலயம் பட்டியலில் உண்டா என்பதை இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்திடம் எழுதிக் கேளுங்கள். ஆலயம் பதிவு செய்யப்பட்டிருப்பதும் மின் இணைப்பு ஆலயத்தின் பெயரில் இருப்பதும் இத்தகைய எந்த உதவிக்கும் அடிப்படை. மூடுபனி மிகுந்த மலைச்சரிவில் சமவெளியில் கிடைக்கும் அளவு மின்சாரம் கிடைக்காது. கூரைமேல் சவுக்கு மரங்களின் நிழல் விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீரியபெத்தையில் 2014இல் மண் சரிந்தது முதல் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பயத்தோடுதான் படுக்கிறோம். சென்ற ஆண்டுகளில் புதிதாக இழப்பு மற்றும் சேத நிதியம் என்று ஒன்று தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் எங்களுக்கு வீடு கட்டித் தரச் சொல்லி எழுதலாமா? (தோட்டத் தொழிலாளி, ஹல்துமுல்ல)

அம்மா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். காலநிலைப் பேரிடர்களால் இழப்படைந்த நாடுகளுக்கு உதவும் அந்த நிதியத்துக்கு 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இணக்கம் காணப்பட்டு, 2023இல் டுபாயில் அது செயற்படத் தொடங்கியது. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் முதற்கட்டமாக 250 மில்லியன் டொலருக்கான விண்ணப்பங்கள் கோரப்பட்டன. அதே மாத இறுதியில்தான் டித்வா புயல் நமது மலைகளைப் பிளந்தது. முழு உலகத்துக்குமான அந்த முதற்கட்டத் தொகையில் குறைந்தது பாதி, மிக வறிய நாடுகளுக்கும் சிறு தீவு நாடுகளுக்கும் ஒதுக்கப்படுகிறது. இலங்கை அந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. விண்ணப்பிக்க வேண்டியதும் அரசாங்கமே. தனியொருவரோ சங்கமோ நேரடியாக எழுதிப் பயனில்லை. உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நீங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் லயம் நிற்கும் இடத்தின் மண்சரிவு அபாயம் பற்றிய மதிப்பீட்டைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெறுவதற்குக் கிராம உத்தியோகத்தர் வழியாகவும் பிரதேச செயலகம் வழியாகவும் கோரிக்கை விடுங்கள். லயத்தில் உள்ள எல்லாக் குடும்பங்களும் ஒரே கடிதத்தில் கையொப்பமிடுவது நல்லது. எந்த நாட்டின் பணம் வந்தாலும், இந்திய வீடமைப்புத் திட்டமாக இருந்தாலும், பயனாளிகளைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்கப்படுவது அந்த அறிக்கை. அத்துடன், சரிவுகளைப் பலப்படுத்துவதற்காக ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2019இல் வழங்கிய 80 மில்லியன் டொலர் போன்ற கடன்களை நாட்டு மக்கள் எல்லோரும் சேர்ந்தே திருப்பிச் செலுத்துகிறோம். கொழுந்து பறிக்கும் நீங்களும் வாங்கும் பொருட்களின் வழியாக வரி கட்டுகிறீர்கள். ஆகவே அந்தப் பணத்தின் பயனைக் கேட்பது யாசகம் அன்று. வீடு தருவதாகச் சொன்னால், காணி உறுதி யாருடைய பெயரில், எத்தனை பேர்ச்சுக்கு என்பதையும் கேளுங்கள். 7 பேர்ச் காணி என்று அறிவிக்கப்பட்ட திட்டங்களிலும் உறுதிப்பத்திரம் கைக்கு வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும், கணவரின் பெயர் மட்டும் போதாது.

பிரதேச சபையிடம் பணமில்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்? (பிரதேச சபை உறுப்பினர், நோர்வூட்)

நீண்ட காலமாகத் தோட்டக் குடியிருப்புகளில் செலவு செய்யச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லப்பட்டு வந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதோடு அந்தக் காரணம் இல்லாமற் போய்விட்டது. எனவே சபையின் ஆண்டுத் திட்டத்தில் தோட்டங்களின் வடிகால், குடிநீர் ஊற்று, தெருவிளக்கு ஆகியவற்றைப் பெயர் குறித்துச் சேருங்கள். நிதி தரும் எவரும் முதலில் கேட்பது அந்த ஆவணத்தைத்தான்.

வெளிநாட்டுத் தொடர்பைப் பொறுத்தவரை, காலநிலை மற்றும் வலுவுக்கான மேயர்களின் உலகளாவிய உடன்படிக்கையில் சிறிய உள்ளூராட்சி மன்றமும் கட்டணமின்றிச் சேரலாம். சேர்ந்தவுடன் பணம் வராது. உங்கள் பிரதேசத்தில் எவ்வளவு எரிபொருளும் விறகும் மின்சாரமும் செலவாகிறது, எங்கே அபாயம் உள்ளது என்று கணக்கெடுத்துத் திட்டம் வகுக்கும் கடமைதான் வரும். அந்தக் கணக்கு இல்லாமல் எந்த நிதியத்தின் கதவும் திறக்காது. பூட்டானிலும் கம்போடியாவிலும் ஐக்கிய நாடுகள் மூலதன அபிவிருத்தி நிதியம் 2011 முதல் உள்ளூராட்சி மன்றங்களுக்கே காலநிலை மானியம் வழங்கி, அவை செய்த வேலையை மதிப்பிட்டு அடுத்த ஆண்டு மானியத்தைத் தீர்மானிக்கும் முறையொன்றை நடத்தி வந்திருக்கிறது. நம் சபைகளுக்கும் அத்தகைய முறை வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றிச் சுற்றாடல் அமைச்சின் காலநிலை மாற்றச் செயலகத்துக்கு அனுப்புங்கள். ஒரு சபை அனுப்பினால் கோப்புக்குள் போய்விடும். நுவரெலியா மாவட்டத்தின் சபைகள் சேர்ந்து அனுப்பினால் பதில் எழுதியாக வேண்டும்.

மரம் நட்டால் காபன் வரவு கிடைக்கும், வெளிநாட்டுக் கம்பனி டொலரில் வாங்கும், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று ஒருவர் வந்து சொல்கிறார். கட்டலாமா? (வாசகர், பதுளை)

கட்டாதீர்கள். காபன் வரவு, அதாவது காபன் வெளியேற்றத்தைக் குறைத்ததற்காகக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று என்பது உண்மையான ஏற்பாடுதான்; பதுலு ஓயா, ஹுலு கங்கை ஆகியவற்றின் சிறு நீர்மின் நிலையங்கள் கியோட்டோ உடன்படிக்கைக் காலத்திலேயே அந்த முறையின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டன. இலங்கையும் ஜப்பானும் 2022இல் கூட்டு வரவுப் பொறிமுறைக்கான உடன்பாட்டில் கைச்சாத்திட்டுள்ளன. ஆனால் வரவு கிடைப்பது மரமோ நிலையமோ யாருக்கு உரியதோ அவருக்குத்தான். தோட்டக் காணியில் நீங்கள் நடும் மரம் சட்டப்படி உங்களுடையதாக இராது. சொந்தக் காணியில் நட்டாலும், மரம் வளர்ந்து, அளவிட்டு, வெளியாள் ஒருவர் சரிபார்த்த பின்னரே வரவு பிறக்கும். அதற்குப் பல ஆண்டுகள் செல்லும், சில பேர்ச் காணிக்கு அந்தச் செலவு கட்டாது.

வந்தவரிடம் நிறுவனப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும், எந்தப் பதிவேட்டின் கீழ் எந்த எண்ணில் திட்டம் பதியப்பட்டுள்ளது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அவற்றைச் சுற்றாடல் அமைச்சின் கீழ் இயங்கும் இலங்கை காலநிலை நிதியத்துக்கு அனுப்பி விசாரியுங்கள். அங்கிருந்து பதில் வரும்வரை அடையாள அட்டைப் பிரதியையோ கையொப்பத்தையோ அவரிடம் கொடுக்க வேண்டாம். பக்கத்து லயத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இருந்தால், பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யச் சொல்லுங்கள்.